பால் உறைந்தது, குளிரவில்லை

ஈப்போ புந்தோங்கில் சனிக்கிழமை மாலைகளில் சில பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பணி ஓய்வு பெற்றும் வீட்டில் சும்மா இருக்க முடியாத ஆசிரியர்கள் செய்கிற வேலைதான். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு வெள்ளைப்பலகை, பாடம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.

போன மாதம் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் பள்ளித் தேர்வுத்தாளை என்னிடம் நீட்டினான். பருப்பொருளின் நிலைகள் பற்றிய பாடம். உறைதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். ‘ரப்பர் பால் ஸ்டோரில் உறைந்து கட்டியாகும்’ என்று எழுதியிருந்தான். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு தப்பு.

“பாட்டிதான் சார் சொல்லிச்சு. அது இருபத்தெட்டு வருசம் மரம் வெட்டுச்சு. பாட்டி சொன்னது தப்பா?”

தப்பு போட்ட ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். விடைப்பட்டியலில் தண்ணீர் பனிக்கட்டியாவதுதான் இருக்கும். நாற்பது தாள் திருத்துகிறவர் ஒவ்வொன்றிலும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. என் காலத்தில் நானும் இப்படி எத்தனையோ தப்பு போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பையன் கேட்டது மதிப்பெண்ணை அல்ல. அவன் வீட்டில் அறிவியல் தெரிந்த ஒரே ஆள் பாட்டிதான் என்று அவன் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கைக்குத்தான் சிவப்பு மை பட்டுவிட்டது.

பாட்டி சொன்ன தமிழில் ஒரு குறையும் இல்லை. நாம் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். பாலில் உறைமோர் ஊற்றினால் காலையில் தயிர் உறைந்திருக்கும். காயத்தில் இரத்தம் உறையும். கேமரன் மலைக்குப் போனால் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறைந்திருக்கும். ஐஸ்பெட்டியில் தண்ணீர் உறையும். ஒரே சொல், நான்கு காரியம். அறிவியல் புத்தகம் அந்தச் சொல்லை எடுத்து, ‘திரவம் வெப்பத்தை இழந்து திடமாவது’ என்று ஒரு வேலைக்கு மட்டும் நியமித்துவிட்டது. மற்ற மூன்று வீட்டிலேயே தங்கிவிட்டன. இதை யாரும் பிள்ளையிடம் சொல்லவில்லை.

வாயால் விளக்கிப் பார்த்தேன். பையன் தலையாட்டினான். ஆசிரியராக இருந்தவர்களுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். ‘விடுங்க சார்’ என்று பொருள். சரி, அடுத்த வாரம் பாட்டியையே கூட்டிக்கொண்டு வா என்றேன்.

ரப்பர் பால் கிடைப்பதுதான் சிரமமாக இருந்தது. சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, கண்ணுக்கெட்டியவரை செம்பனை. லயங்களும் போய்விட்டன. இத்தனைக்கும் இந்த நாட்டு ரப்பர் கதையில் பேராக்குக்கு முக்கியமான இடம் உண்டு. 1877-இல் பேராக்கின் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கடைசியில் கோலகங்சார் பக்கம் சின்னதாய் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு போத்தல் பால் பிடித்து, வழியில் கட்டிவிடாமலிருக்க அமோனியா சில சொட்டு விட்டுக் கொடுத்தனுப்பினார்.

பாட்டி வந்தார். எழுபதைத் தாண்டியவர். போத்தலை மூக்கருகே கொண்டுபோனதும் முகம் மாறியது. “அமோனியா கொஞ்சம் தூக்கலா இருக்கு தம்பி” என்றார். வகுப்பு அப்போதே அவர் கைக்குப் போய்விட்டது.

விடியுமுன்னே ஏன் மரம் வெட்டப் போகவேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். வெயில் ஏறினால் பால் ஓடாது, நின்றுபோகும் என்றார் பாட்டி. அது சரிதான். இரவு முழுக்க மரம் நீரை இழுத்துவைத்திருப்பதால் விடியலில் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறையும். பாட்டிக்கு அழுத்தம் என்ற சொல் தேவைப்படவில்லை. மங்கு நிறைகிறதா இல்லையா என்பது போதும்.

ஸ்டோரில் கிராணி பாலுக்குள் ஒரு மிதவையை விட்டு அளவு பார்ப்பாராம். தண்ணீர் கலந்திருந்தால் பிடிபட்டுவிடும். எப்படி என்று பாட்டிக்குத் தெரியவில்லை; நான் சொன்னேன். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. பாலில் ரப்பர் அதிகமானால் மிதவை ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்தால் மேலே எழும். “அடப்பாவி, அதான் சங்கதியா!” என்று பாட்டி சிரித்தார். யார் கலந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு இரண்டு சோதனைகளை ஒரே மேசையில் வைத்தோம். ஒரு பக்கம், ஐஸை நொறுக்கி உப்பைக் கொட்டிக் கலந்த வாளி. உப்பு சேர்ந்தால் அந்தக் கலவை 0 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கும். அதற்குள் தண்ணீர் ஊற்றிய ஒரு சோதனைக்குழாய், குழாய்க்குள் வெப்பமானி. மறுபக்கம், பீங்கான் கிண்ணத்தில் ரப்பர் பால், பாட்டி சொன்னபடி தண்ணீர் கலந்தது. அதிலும் ஒரு வெப்பமானி. ஸ்டோரில் ஊற்றுவது பார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான். அது தோலைப் புண்ணாக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. எனவே சமையலறை வினிகரை ஊற்றினோம். அமோனியா இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றவேண்டியிருந்தது.

சோதனைக்குழாயில் வெப்பநிலை மளமளவென்று இறங்கி 0-க்கு வந்து நின்றது. தண்ணீர் கெட்டியாகும்வரை அங்கேயே நின்றது. கிண்ணத்தில் பால் முதலில் திரிந்தது, பிறகு திரள் திரளாகக் கூடியது, அப்புறம் கரண்டியை இழுத்தால் கூடவே வரும் வெள்ளைக் கட்டியானது. அந்த வெப்பமானி கீழே இறங்கவே இல்லை.

“பாட்டி, உங்க பால் குளிரவே இல்ல!” என்று பையன் கத்தினான்.

அதன்பின் நான் அதிகம் பேசவேண்டி வரவில்லை. சோதனைக்குழாயைக் கையில் பிடித்தோம். பனிக்கட்டி உருகித் தண்ணீராகிவிட்டது. ரப்பர் கட்டியைச் சுடுநீரில் போட்டோம்; கட்டி கட்டியாகவே கிடந்தது. பிழிந்தால் உள்ளிருந்து கலங்கிய நீர் வடிந்தது.

அந்த நீர்தான் விஷயம். தண்ணீர் உறையும்போது அத்தனை தண்ணீரும் திடமாகிறது. ரப்பர் பாலில் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன, அதுதான் பால். ஒவ்வொரு துகளின் மேலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால், காந்தத்தின் ஒரே முனைகளைப்போல அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடுகிறது. தள்ளிவிட ஒன்றுமில்லாததால் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது; ரப்பர் ரப்பராகவே இருக்கிறது. நிலை மாறவில்லை, பிரிந்திருந்தது கூடிவிட்டது. தயிரிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே அமிலத்தை ஊற்றுவது நாமல்ல, உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள். மங்கில் விட்டுவைத்த பால் மறுநாள் தானாகவே கட்டிப்பாலாகிக் கிடப்பதும் பெரும்பாலும் அவற்றின் வேலைதான்.

சோதனைக்குழாயின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்ததைப் பார்த்து, “சார், குழாய் ஒழுகுது” என்றான் இன்னொருவன். இதற்கு ஒரு குவளை சிராப் தண்ணீரும் ஐஸும் போதும். வெளியே பூக்கும் துளிகளை வெள்ளை டிஸ்யூவால் துடைத்தால் சிவப்பு ஒட்டாது. உள்ளிருந்து வந்ததில்லை, காற்றிலிருந்த நீராவி சுருங்கியது. காப்பிக்கடையில் உட்கார்ந்தே பெற்றோர் சொல்லிக்கொடுக்கலாம்.

பெற்றோர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தக் கதையைக் கேட்ட இளம் தகப்பனார் ஒருவர், பொறியியலாளர், “இதுக்குத்தான் சார் சயின்ஸ இங்கிலீஷ்ல படிக்கணும்” என்றார். இந்த வாதத்தை நாம் நெடுநாளாகக் கேட்டுவருகிறோம். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2016-இல் இருமொழித் திட்டமாக, டிஎல்பி என்ற பெயரில், வேறு வழியில் திரும்பி வந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் தண்ணீர் உறைவதற்கு ஒரு சொல், பால் திரள்வதற்கு வேறு சொல். ஆனால் தேநீரில் சீனி ‘மெல்ட்’ ஆகிவிட்டது என்று சொல்லும் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும் வீடுகளிலும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதையே திருப்பி, ஐஸ் கரைந்துவிட்டது என்கிறார்கள். மலாயில் ‘பெக்கு’ என்றால் உறைந்த இறைச்சிக்கும் அதே, இரத்தக்கட்டிக்கும் அதே, கட்டிப்பாலுக்கும் அதே. எந்த மொழியிலும் வீட்டுச் சொல்லும் பாடச் சொல்லும் எங்கேயாவது முட்டிக்கொள்ளத்தான் செய்யும். முட்டுகிற இடத்தைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஈப்போவில் இருந்துகொண்டு ஈயத்தை விட முடியுமா? வெள்ளீயக் கட்டி 232 பாகை செல்சியஸில் உருகும். ஆறினால் மறுபடி கட்டியாகும். அது நிலை மாற்றம். ஆனால் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் எடுத்த தாதுமணலை வெறுமனே சூடாக்கினால் ஈயம் வராது. கரியோடு சேர்த்துச் சூடாக்கி, தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கவேண்டும். அது வேதி மாற்றம். இரண்டையும் நாம் ‘ஈயம் உருக்குவது’ என்றே சொல்லிவந்தோம்.

பாடம் முடியும் நேரத்தில் பலகையில் ஒரு வரி எழுதினேன்: ‘சூட்டை மாற்றினால் பழையபடி திரும்பி வருமா?’ தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்தால் திரும்பும். தயிரைச் சூடாக்கினால் பால் ஆகாது. ரப்பர் கட்டி திரும்பவே திரும்பாது. எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. பையன் தன் தேர்வுத்தாளில் அந்தச் சிவப்பு மைக்குக் கீழே பென்சிலால், ‘உறைந்தது, ஆனால் குளிர்ந்ததால் இல்லை, புளித்ததால்’ என்று எழுதினான். புளித்ததால் என்பதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பாட்டி அந்த ரப்பர் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்றமடிக்கும் அக்கா என்றேன். “தெரியாதா தம்பி” என்றார்.

அப்போதுதான் மரம் வெட்டும் நேரத்தைப் பற்றிக் கேட்ட அதே பெண் கையைத் தூக்கினாள்.

“சார், அகர் அகர்? அம்மா தீபாவளிக்குச் செய்வாங்க. ஆறினா கெட்டியாயிடும், திரும்பச் சூடு பண்ணா தண்ணியாயிடும். அப்ப அது தண்ணி ஐஸ் ஆகுற மாதிரியா?”

இல்லை. அகர் அகரில் தண்ணீர் திடமாவதில்லை. கடற்பாசியிலிருந்து எடுத்த நீள இழைகள் வலைபோலப் பின்னித் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன. கெட்டியாவது ஏறக்குறைய 40 பாகையில், மறுபடி இளகுவதோ 80-ஐத் தாண்டிய பிறகு. பனிக்கட்டி அப்படி இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளாது. ஆக, நான் பலகையில் எழுதிய வரி இங்கே உதவாது. இதையெல்லாம் அந்த நேரத்தில் சொல்லிமுடிக்க முடியவில்லை. வாசலில் அப்பாமார்களின் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றுவிட்டன. அடுத்த சனிக்கிழமைக்கு வெப்பமானி மட்டும் நான் கொண்டுவருவதாக ஏற்பாடு. அகர் அகரை அவள் கொண்டுவருகிறாள், பாண்டான் இலை போட்டு.