தலைகளை எண்ணினால் போதுமா?

2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் காலை, புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது தெருவிலேயே சாய்ந்து உயிர்நீத்தது. அன்று நகரமே திரண்டு வந்து அழுதது. யானை வாழும் காடு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஊரில் ஒரு யானைக்குக் கிடைத்த அந்த மரியாதை, நம் மக்கள் மனத்தில் யானைக்கு உள்ள இடத்தைக் காட்டியது. ஆனால், காட்டில் வாழும் யானைகளைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: எத்தனை இருக்கின்றன?

அதற்கான விடை 2025 அக்டோபரில் வெளியானது. இந்திய வன உயிரின நிறுவனத்தின் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 22,446 காட்டு யானைகள் உள்ளன, தமிழகத்தில் 3,136. முன்பு போல யானைகளைக் கண்ணால் கண்டு எண்ணாமல், இந்த முறை காடுகளில் 21,056 இலத்தி மாதிரிகளைத் திரட்டி, அவற்றின் மரபணுவை ஆராய்ந்து 4,065 யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். அதிலிருந்து மொத்த எண்ணிக்கை மதிப்பிடப்பட்டது. 2017-இல் 27 ஆயிரத்துக்கு மேல் இருந்தனவே, இப்போது குறைந்துவிட்டனவா என்று பலர் பதறினர். இரண்டும் வெவ்வேறு முறைகளில் எடுக்கப்பட்டவை. அவற்றை ஒப்பிடுவது தவறு.

பதற்றம் கொள்ள வேண்டியது வேறொன்றைப் பற்றி. ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை மட்டும் பார்ப்பவர், அது யார் கையில் குவிந்திருக்கிறது என்பதை அறிய மாட்டார். அதுபோலவே, யானைகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், அவற்றின் மரபு வளம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைக் காண மாட்டார்.

மரபியல் அறிஞர்கள் 'பயனுறு எண்ணிக்கை' என்ற ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். அடுத்த தலைமுறைக்குத் தம் மரபணுவைத் தருவதில் எத்தனை விலங்குகளுக்கு உண்மையான பங்கு உண்டு என்பதே அதன் பொருள். 50 ஆண், 50 பெண் உள்ள கூட்டத்துக்கு அது 100. ஒரே ஓர் ஆண், 100 பெண் உள்ள கூட்டத்துக்கோ வெறும் 4. தலைகள் 101, பயனுறு எண்ணிக்கை நான்கு. பிறக்கும் கன்றுகள் அனைத்துக்கும் தந்தை ஒன்றே என்பதால், அடுத்த தலைமுறையில் உடன்பிறப்புகளே இணைசேர நேரிடும். இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. தந்த வேட்டையின் விளைவாகப் பெரியாறு காப்பகத்தில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு பெண் யானைகள் என்ற நிலை ஒரு காலத்தில் ஏற்பட்டது.

நிலவியலும் தன் பங்குக்கு யானைகளைப் பிரித்திருக்கிறது. டி.என்.சி. வித்யா, இலங்கையைச் சேர்ந்த பிரிதிவிராஜ் பெர்னாண்டோ, இரா. சுகுமார் உள்ளிட்டோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள நீலகிரி யானைகளும் தெற்கே உள்ள ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணு அளவில் வேறுபட்டவை என்று காட்டியது. உலகிலேயே ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் நீலகிரி வட்டாரத்தில், ஆராயப்பட்ட மாதிரிகள் அனைத்திலும் தாய்வழி மரபணு ஒரே வகையாக இருந்தது. எண்ணிக்கையில் செழிப்பு, தாய்வழி வளத்தில் வறுமை.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், அனுபப் கான் முதலானோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. இந்திய யானைகளை மரபணு அடிப்படையில் ஐந்து பிரிவுகளாகப் பகுத்த அந்த ஆய்வு, அவற்றில் மூன்று தென்னிந்தியாவில் இருப்பதாகக் கண்டது: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே ஒன்று. இந்தத் தென்கோடிக் கூட்டத்தில் 150-க்கும் குறைவான யானைகளே உள்ளன. மரபு வளம் மிகக் குறைந்ததும் இதுவே. தமிழக அரசு 2022-இல் 1,197 சதுர கி.மீ. பரப்பை அகத்தியமலை யானைகள் காப்பகமாக அறிவித்தது இந்தக் கூட்டம் வாழும் மலையில்தான்.

இந்தப் பின்னணியில் அரிக்கொம்பனின் கதையை மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும். இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அந்த ஆண் யானை, 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. அடுத்த மாதமே அது கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூன் 5-ஆம் நாள் தமிழக வனத்துறை அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. அதாவது, இரு கணவாய்களுக்கும் இடையே வாழும் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆண் யானை, மரபு வளம் குன்றிய தென்கோடிக் கூட்டத்தின் நடுவே லாரியில் வந்து இறங்கியது.

அது நன்மையா, தீமையா? புதிய குருதி கலப்பது நலிந்த கூட்டத்துக்கு வலுவூட்டலாம். நெடுங்காலம் பிரிந்து தனித்தன்மை பெற்ற இரு கூட்டங்களைக் கலப்பது கேடாகவும் முடியலாம். இரு தரப்பு வாதங்களுக்கும் அறிவியலில் இடமுண்டு. ஆனால், நான் படித்த வரையில், அந்நாள்களின் வாதப் பிரதிவாதங்களில் கழுத்துப் பட்டையைப் பற்றியும் மயக்க ஊசியைப் பற்றியும் பேசப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட இந்தக் கேள்வி பேசப்படவில்லை.

ஆஸ்திரேலியாவில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது நமக்குப் பாடம். கங்காருவைப் போலவே வயிற்றுப் பையில் குட்டிகளைச் சுமக்கும், எலியளவே உள்ள மலைப் போசம் என்ற விலங்கு விக்டோரியா மாநிலத்தின் புல்லர் மலையில் அழிவின் விளிம்புக்குச் சென்றது. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ந்து அதன் மரபு வளம் வேகமாகக் கரைவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2011-இல் ஹோத்தம் மலையிலிருந்து சில ஆண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டனர். கலப்பில் பிறந்தவை உடல் வலுவும் கூடுதல் இனப்பெருக்கத் திறனும் பெற்றிருந்தன. சில ஆண்டுகளில் அந்தக் கூட்டம் மீண்டெழுந்தது. வாழிடச் சீரமைப்பும் உடன் நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. முதலில் ஆய்வு, பிறகு இடமாற்றம், அதன்பின் தொடர்ந்த கண்காணிப்பு என்ற வரிசைதான் அங்கு வெற்றி தந்தது. நாமோ ஊருக்குள் வந்த யானையை அகற்ற வேண்டிய நெருக்கடியில் இடமாற்றத்தைச் செய்துவிட்டோம்.

போசத்தின் ஆயுள் சில ஆண்டுகள். யானையின் கருக்காலமே 22 மாதங்கள். இன்று இழக்கும் மரபு வளத்தின் விளைவு நம் பேரக்குழந்தைகள் காலத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். ஐந்தாண்டுத் தேர்தல் கணக்கில் அடங்காத இழப்பு இது. அதனாலேயே எளிதில் தள்ளிப்போடப்படுகிறது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, தலைக்கணக்கோடு ஒவ்வொரு கூட்டத்தின் மரபு வளத்தையும் ஆண், பெண் விகிதத்தையும் அரசு வெளியிட வேண்டும். இலத்தி மாதிரிகள் ஏற்கெனவே கையில் உள்ளன. கூடுதல் செலவு சிறிதே. இரண்டாவதாக, கணவாய் தாண்டி எந்த யானையை மாற்றுவதாக இருந்தாலும் மரபியல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். அகத்தியமலையில் இனிப் பிறக்கும் கன்றுகளுள் அரிக்கொம்பனின் வாரிசுகள் உண்டா என்பதை இலத்தி ஆய்வின் மூலம் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வழித்தடம். பருவமடைந்த ஆண் யானை தாய்க்கூட்டத்தை விட்டு விலகிச் செல்வதே மரபணுக்கள் பரவ இயற்கை செய்துள்ள ஏற்பாடு. செங்கோட்டைக் கணவாய் பாலக்காட்டுக் கணவாயை விட மிகக் குறுகலானது. அதற்குள்ளேயே 1904 முதல் ரயில் பாதை இருக்கிறது. கொல்லம் நெடுஞ்சாலையும் செல்கிறது. இங்கு மேம்பாலமோ சுரங்கவழியோ அமைப்பது வீண் செலவு என்பார்கள். மதுக்கரையில் ரயில் மோதி யானைகள் இறப்பதைத் தடுக்க 2024-இல் தமிழக அரசு நிறுவிய செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு அமைப்புக்கு ஆன செலவு 7.24 கோடி ரூபாய். சாலை, ரயில் திட்டங்களின் மதிப்போடு ஒப்பிட்டால் இத்தகைய தொகைகள் மிகச் சிறியவை. பாதையை அகலப்படுத்தும்போதே யானைக்கும் வழிவிட்டுக் கட்டுவது மலிவு. கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு.

குற்றாலத்துக்கும், ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்கும் ஆண்டுதோறும் செல்லும் புதுச்சேரிக்காரர்கள் இந்தக் கணவாயில்தான் பயணம் செய்கிறோம். நாம் சில நிமிடங்களில் கடக்கும் அந்தத் தார்ச்சாலையின் ஓரம் வரை வந்து திரும்பிப் போகும் இளம் ஆண் யானைக்கு, மறுபக்கத்துக் காடு வெளிநாடாகிவிடும். லட்சுமிக்காக அழுத ஊர், அதற்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு), புதுச்சேரி.