கவிழ்ந்து கிடக்கும் படகைப் புரட்டிப் பார்ப்போம்

மண்ணை நம்பி வாழ்ந்த குடும்பம் மண்ணை விட்டுப் பெயரும்போது அதனுடன் கூட வருவது கைத்தொழிலும் உழைப்பும் மட்டுமே. 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய விவசாயிகள் பலர், தோட்டக் காணி எதுவுமின்றி நலன்புரி நிலையங்களிலும் கரையோரக் குடியிருப்புகளிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டதே 27 ஆண்டுகள் கழித்து, 2017 இல்தான். முல்லைத்தீவுக் கரையோரத்தில் பல குடும்பங்களுக்கு வயலும் கடலும் முன்பிருந்தே ஒரே வீட்டின் இரண்டு தொழில்கள். காணி கைக்கு வராத காலத்திலும், கிணறு உவரான இடத்திலும், களப்பில் ஓடும் ஒரு சிறு படகு வீட்டில் அடுப்பெரிய வைக்கும்.

இதனாலேயே பலர் புதிய படகுக்கும் புதிய இயந்திரத்துக்கும் கடன் எடுக்க விரும்புகின்றனர். கடன் என்ன செய்யும் என்பதை எமது பெண்கள் நன்கு அறிவர். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆகவே எமது கருத்து இதுதான்: கடன் பத்திரத்தில் கையொப்பமிட முன்னர், வேலியோரத்தில் கவிழ்ந்து கிடக்கும் பழைய கண்ணாடியிழைப் படகை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். அதைத் திருத்தும் வேலையில் பெரும் பகுதியை வீட்டு வளவிலேயே செய்யலாம்.

"தோட்டக்காரனுக்கு இயந்திரம் தெரியுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் நீரிறைக்கும் இயந்திரத்தை எமது விவசாயி எத்தனை வருடம் பராமரித்தார்! 1990களில் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைத் துளித்துளியாகச் சேமித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த கைகள் அவை. படகின் மண்ணெண்ணெய் இயந்திரமும் அதே முறையில்தான் இயங்கத் தொடங்குகிறது. பிளக் கழற்றவும் காபரேற்றர் கழுவவும் தெரிந்தவருக்கு இது முற்றிலும் புதிய பாடமல்ல.

முதலில் படகு திருத்தத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாணயத்தால் உடல் முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. மந்தமான ஒலி வந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது நீர் ஊறியிருக்கலாம். மிக முக்கியமானது இயந்திரம் பூட்டும் பின்பலகை. கண்ணாடியிழைக்குள் பலகை வைத்தே அது கட்டப்படுகிறது. ஆணித் துளைகளினூடாகப் புகும் நீர் அந்தப் பலகையை வெளியே தெரியாமல் உக்க வைக்கும். சிறு துளை இட்டுப் பாருங்கள். ஈரமான கறுத்த தூள் வந்தால் பலகை உக்கிவிட்டது. அதை மாற்றாமல் இயந்திரம் பூட்டினால் நடுக்கடலில் பின்பலகை பிளந்து இயந்திரம் கழன்று போகலாம். பின்பலகையும் உக்கி, அடிப்பகுதியும் பல இடங்களில் பிரிந்திருந்தால் அந்தப் படகை விட்டுவிடுவதே புத்தி.

வெடிப்பை மேலால் பூசி மறைப்பது திருத்தம் ஆகாது. நன்னீரால் உப்பைக் கழுவி, நிழலில் காற்றோட்டமாகப் பல நாள் உலர விட வேண்டும். பின்பு வெடிப்பின் இரு புறமும் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் சரிவு தேவை. அப்போதுதான் புதிய அடுக்கு பழையதைப் பற்றிப் பிடிக்கும். ஒரு சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடியிழைப் பாயில் ஓர் அடுக்கு வைக்க, சதுர மீற்றருக்குச் சுமார் ஒரு கிலோ றெசின் வேண்டும். ஒரு கிலோ றெசினுக்கு ஹாட்னர் பொதுவாக 10 முதல் 20 மில்லிலீற்றர். வெயில் கூடிய நாளில் குறைந்த அளவே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே 15 நிமிடத்துக்குக் குறையாமல் நீரால் கழுவி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். றெசினை இறுகத் தூண்டும் கோபால்ற் திரவத்தையும் ஹாட்னரையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கக் கூடாது. அது வெடிக்கும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடி, நீண்ட கைச் சட்டை அணிய வேண்டும். வேலை வெளியில் நடக்க வேண்டும். சிறுவர்கள் அருகில் நிற்கக் கூடாது.

இயந்திரம் இறுகியிருந்தால் கயிற்றை வலிந்து இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிச் சிறிதளவு எண்ணெய் விட்டு ஓரிரு நாள் வைத்த பின் மேற்சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் உட்புகுந்துள்ளது என்று அர்த்தம், அடைப்பு வளையங்களை மாற்ற வேண்டும். குளிர்நீர் இறைக்கும் இறப்பர்ச் சக்கரம் பழையதாயின் புதியது போடுங்கள். அச்சிறு பொருள் பழுதானால் முழு இயந்திரமும் சூடேறி அழியும். நன்னீர்ப் பீப்பாவில் வைத்தே இயக்கிப் பார்க்க வேண்டும், நீரின்றி ஒருபோதும் இயக்கக் கூடாது. கடலால் வந்த ஒவ்வொரு நாளும் நன்னீரில் ஓட விட்டு உப்பைப் போக்குவது அதன் ஆயுளைக் கூட்டும்.

எரிபொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தது. பராமரிப்பில்லாத இயந்திரம் வீணாகக் குடிக்கும் ஒவ்வொரு லீற்றரும் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்தே போகிறது.

இன்னொரு நியாயமான கேள்வி உண்டு: கடல் தெரியாதவர் கடலில் இறங்கலாமா? இறங்கக் கூடாது என்பதே எமது பதில். பரம்பரைக் கடற்றொழிலாளரின் பிழைப்பில் கை வைப்பதும் முறையல்ல. திருத்தத் தெரிந்த விவசாயக் குடும்பமும் கடல் தெரிந்த மீனவக் குடும்பமும் பங்காகத் தொழில் செய்யலாம். முதலில் கடற்றொழிலாளர் சங்கத்துடன் பேசுங்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகு பதிவு செய்யப்பட வேண்டும். பழைய படகை வாங்குவோர் அதன் பத்திரங்களையும் பார்த்தே வாங்க வேண்டும்.

உதவி வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2004 மார்கழிக் கடற்கோளின் பின் படகுகள் ஏராளமாக வந்தன. அவசரத்தில் கட்டப்பட்ட சில தரம் குறைந்தவையாக இருந்தன. எத்தனை படகு கொடுத்தோம் என்ற கணக்கு அறிக்கைக்கு அழகு. ஆனால் ஒரு கிராமத்துக்கு வேண்டியது பொதுவான ஒரு கருவிப் பெட்டி, தரமான றெசின், உதிரிப்பாகங்கள், சில வாரப் பயிற்சி. பெண்களும் இளைஞரும் அப்பயிற்சியில் இடம்பெற வேண்டும். கொடுத்த படகு ஒருநாள் பழுதாகும். அதைத் திருத்தப் பழகிய கை அடுத்த படகையும் திருத்தும், அயலவரின் நீரிறைக்கும் இயந்திரத்தையும் திருத்தும்.

எமது காணிக்கான கோரிக்கையை இது எவ்வகையிலும் குறைக்காது. காணி கிடைக்கும் வரை உழைப்பைச் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே நாம் கூறுவது. கடன்காரராகாமல் காத்திருப்பவரே, காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதில் முதல் விதையைத் தன் சொந்தப் பணத்தில் இடுவார்.