பேட்டரி வாங்குதலும் பழையதைக் கழித்தலும்

கார் வாங்குவதென்றால் ஆறு மாதம் விசாரிக்கிற நம் குடும்பங்கள், அதற்கு மாற்று பேட்டரியை அரைமணி நேரத்தில் வாங்கிவிடுகின்றன. அதுவும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தாமதமாகிவிட்ட ஒரு காலையில், 'செல்ஃப்' எடுக்காத வண்டியின் முன்னால் நின்றபடி, தொலைபேசியில் மெக்கானிக் சொல்கிற பெயருக்குத் தலையாட்டி. (1912 ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சாரத் துவக்கி வந்தபோது அதற்கு 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்று பெயர். ஆங்கிலத்தில் பின்பாதி மட்டும் நிலைத்தது. கைவிடப்பட்ட முன்பாதியை நம் ஒர்க் ஷாப்புகள் இன்றுவரை காப்பாற்றி வருகின்றன.)

அந்த அரைமணி நேரத்தில் உண்மையில் இரண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன: எந்தப் புதியதை வாங்குவது, பழையதை யாரிடம் விடுவது. முதலாவது, நமக்குச் சொல்லப்படுகிற அளவுக்குக் கடினமானதல்ல. இரண்டாவதை நாம் முடிவு என்றே கருதுவதில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

முதலில், குற்றம் பேட்டரியுடையதுதானா என்று பார்க்க வேண்டும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த, நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறாவிட்டால் பழுது டைனமோவில் (ஆல்டர்னேட்டரை இன்னும் அப்படித்தான் அழைக்கிறோம்) இருக்கக்கூடும். புது பேட்டரி போட்டாலும் சில நாட்களில் அதே காலை திரும்ப வரும். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவியதிலேயே உயிர்பெற்ற வண்டிகள் உண்டு. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

அடுத்தது அளவு. "ஒரு சைஸ் பெரிசாப் போட்டுக்குங்க சார்" என்கிற அறிவுரை எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் வருகிறது, அதாவது 1.75 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் தரக்கூடியது. பெரியது போட்டால் டைனமோ எரிந்துபோகும் என்ற பயமும் மிகை, பெரியது நீண்டநாள் உழைக்கும் என்ற நம்பிக்கையும் மிகை. காய்கறிக்கடைக்கும் டியூஷனுக்கும் மட்டும் ஓடுகிற வண்டி, பெரிய பேட்டரியையும் அரைகுறையாகவே நிரப்பும். தட்டில் சரியாக உட்காராமல், கிளாம்ப் பிடிக்காமல், நேர்முனை பானட் தகட்டை உரசும் உயரத்தில் நின்றால் அது ஆபத்து. உற்பத்தியாளர் கையேட்டில் சொன்ன அளவு, அதே உயரம், நேர்முனை அதே பக்கம்: இது போதும். பெயரின் கடைசியில் உள்ள எல், ஆர் எழுத்துகள் அந்தப் பக்கத்தைத்தான் குறிக்கின்றன. சிக்னலில் தானே நின்று தானே எழும் எஞ்சின் கொண்ட கார்களுக்கு மட்டும் ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் வேண்டும். அங்கே சாதாரண பேட்டரியைப் போட்டு மிச்சம் பிடிப்பது வீண்.

விளம்பரங்கள் குளிர்த்துவக்கத் திறனைப் பெரிதாக அச்சிடுகின்றன. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் முப்பது நொடி தாக்குப்பிடிக்கும் மின்னோட்டம் அது. வேலூரில் இருப்பவருக்கு அதனால் ஆகப்போவது கொஞ்சம்தான். இங்கே எமன் வெயில். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. ஆகவே நம் ஊரில் பார்க்க வேண்டிய எண் உற்பத்தித் தேதி. கடைத் தட்டில் ஒரு கோடையைக் கழித்துவிட்ட பேட்டரியை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

உத்தரவாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. '36 + 36' என்று எழுதியிருப்பதை ஆறாண்டு ஆயுள் என்று வாசிக்கிறோம். முதல் பாதியில் மட்டுமே இலவச மாற்று. பின்பாதியில் கிடைப்பது கழிவு. அதுவும் பெரும்பாலும் அச்சிட்ட விலையின் மேல் கணக்கிடப்படும். கடைக்காரர் சாதாரணமாகவே அதற்குக் குறைந்த விலைக்கு விற்பதால், அந்தச் சலுகை காகிதத்திலேயே கரைந்துவிடுவதுண்டு.

இனி பழையது. 1859 இல் காஸ்தோன் பிளாந்தே செய்த முதல் மாதிரியிலிருந்து இன்றுவரை, சாரம் அதேதான்: ஈயமும் கந்தக அமிலமும். சிறு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை முழுக்கத் திரும்ப எடுக்க முடியும் என்பது அப்பொருளின் பெருமை. எங்கே, எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த உலையில் தகடுகளை உருக்கினால் புகையும் தூசியும் சுற்றியுள்ள குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேர்கின்றன. செனகலின் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள், பேட்டரி ஈயம் பிரித்தெடுத்த பகுதியில் 18 குழந்தைகள் இறந்தன. யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத ஈயத்தோடு வாழும் குழந்தைகள் உலகில் 80 கோடி வரை. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கும் மேல். முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை அவ்வறிக்கை முக்கியக் காரணங்களுள் ஒன்றாக வைக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 2001 ஆம் ஆண்டு விதிகளே பழைய பேட்டரியை முறையாக ஒப்படைக்கும் கடமையைப் பயன்படுத்துவோருக்கும் வைத்தன. 2022 இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தின. ஆனால் வீட்டு வாசலில் பழைய இரும்புக்காரர் இருநூறு ரூபாய் அதிகம் தருகிறார். அந்த இருநூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. புகைபோக்கிக்கும் வடிகட்டிக்கும் அமிலத்தை முறித்து வெளியேற்றுவதற்கும் செலவழிக்காத உலையின் மிச்சம் அது. இரும்புக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. தராசில் எடை கூடிய பொருளுக்குக் கூடுதல் விலை தருவது அவர் தொழில்.

எனவே விலை கேட்கும்போதே, 'பழையதோடு எவ்வளவு, பழையது இல்லாமல் எவ்வளவு' என்று இரண்டையும் கேட்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவரிடமே பழையதை விட்டு, அதன் கழிவுத் தொகையை பில்லில் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுதத் தயங்கும் கடையில், புதியது எவ்வளவு மலிவாக இருந்தாலும் எங்களில் யாரும் இப்போது வாங்குவதில்லை.