பெட்டிக்குள் நம் கை உண்டு, நம் அடுப்பு இல்லை

முப்பத்து நான்கு வயதில்தான் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாகச் சாதி ஒழிப்பு பேசுகிறேன், பெண் விடுதலை பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். வீட்டில் இருந்தவரை அம்மா சமைத்தார். பிறகு விடுதிச் சோறு, மெஸ், செயலியில் ஆர்டர். போன வருடம் மஞ்சள் காமாலை வந்து, வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

எனக்குச் சமையல் கற்றுத்தந்தது ஒரு பெட்டி. மாதச் சந்தா கட்டினால் வாரம் மூன்று முறை வீட்டு வாசலுக்கு வரும். அளந்து போட்ட பருப்பு, உரித்த சின்ன வெங்காயம், நறுக்கிய காய், எண் போட்ட மசாலாப் பொட்டலங்கள், படத்துடன் ஒரு அட்டை. எண்ணெய் காய்ந்ததும் ஒன்றாம் பொட்டலம், வெங்காயம் வதங்கியதும் இரண்டாம் பொட்டலம். 2011இல் பெர்லினில் ஹலோஃபிரெஷ், 2012இல் நியூயார்க்கில் ப்ளூ ஏப்ரன் என்று வளர்ந்த இந்த வியாபாரத்தை இப்போது நம் பெருநகரங்களிலும் சின்னச் சின்ன நிறுவனங்கள் செய்கின்றன.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். கடுகு எப்போது வெடிக்கும், புளி எவ்வளவு கரைக்க வேண்டும், குழம்பு எப்போது எண்ணெய் பிரியும் என்பதெல்லாம் இந்தப் பெட்டியால்தான் தெரிந்தது. மூன்று மாதத்தில் என் சோற்றை நானே ஆக்கிக்கொள்ளும் ஆளாகிவிட்டேன். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

பெட்டியின் பட்டியலில் "பாரம்பரியச் சுவைகள்" என்று ஒரு பகுதி உண்டு. ஐயர் வீட்டு வத்தக்குழம்பு இருந்தது. செட்டியார் வீட்டுக் கோழி இருந்தது. கவுண்டர் வீட்டு விருந்தும் இருந்தது. கோழி, ஆடு, இறால் மூன்றும் உண்டு, எனவே இது சைவ நிறுவனம் இல்லை. மூன்று மாதமும் தேடினேன். மாட்டுக்கறி இல்லை, போட்டி இல்லை, ரத்தப் பொரியல் இல்லை, நெத்திலிக் கருவாடுகூட இல்லை. ஏன் என்று எழுதிக் கேட்டேன். "எல்லாத் தரப்பு வாடிக்கையாளர்களின் உணர்வுகளையும் மதிக்கிறோம்" என்று பதில் வந்தது. அந்த "எல்லாத் தரப்பு"க்குள் நானும் என் அம்மாவும் இல்லை.

"வியாபாரம்தானே தோழர், விற்பதைத்தானே விற்பார்கள்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். விற்காதா? வடசென்னையில் மாலை ஆனால் பீஃப் பிரியாணிக் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பதும் தின்பதும் குற்றமில்லை. வாங்க ஆள் இருக்கிறது, சட்டம் தடுக்கவில்லை. பிறகு தடுப்பது எது? அதன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் "உணர்வு" என்கிறார்கள்.

இது புதிய நோயும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகு கிழித்தார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா நடத்தப் புறப்பட்டது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். 2024 மார்ச்சில் சொமேட்டோ "சுத்த சைவ"த்துக்குத் தனிப் படை, அதற்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது. மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது, தனிப் படையைக் கைவிடவில்லை. பந்தி, வாசல், விழா, சட்டை என்று வடிவம் மாறுகிறது. பிரிக்கும் கை ஒன்றுதான்.

ஆம்பூர்ப் பக்கம்தான் என் ஊர். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

பெட்டியில் நமக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேலை நிமித்தமாக நான் அடிக்கடி போகும் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஒரு அக்கா இருக்கிறார். நகரத்துக்குள் இருந்த அவருடைய குடிசையை இடித்து இங்கே கொண்டுவந்து போட்டார்கள். இப்படிப் பெட்டி போடும் கூடம் ஒன்றுக்குப் பூண்டும் வெங்காயமும் உரித்துக் கொடுக்கிறார். கிலோ கணக்கில் கூலி. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. அவர் சொன்னது இது:

"வீட்டு வேலைக்குப் போனப்ப பாத்திரம் கழுவ விட்டாங்க, அடுப்பு கிட்ட விடல. சமைக்கறதுக்கு வேற ஆளு. இங்க வெங்காயம் உரிக்க விட்டுட்டாங்க தம்பி. யாரு உரிச்சதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாதுல்ல!"

சமூகவியலில் முதுகலை படித்தவன் நான். தூய்மை, தீட்டு பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறேன். இந்த அக்கா மூன்று வரியில் சொன்னதை நான் எழுதியதில்லை. முகம் தெரியாதவரை நம் கை தீட்டில்லை. முகம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிச் சமையலறைகளே சாட்சி. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். 2023இல் கரூரிலும் தூத்துக்குடியிலும் தலித் பெண்கள் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் சொன்னார்கள். அதே ஊர்க்காரர்கள் நகரத்துக்கு வந்து பெட்டி வாங்கினால், நம் அக்கா உரித்த வெங்காயத்தைத்தான் வதக்குவார்கள்.

மூன்றாம் மாதம் சந்தாவை நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். உப்புக்கண்டக் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டேன்.

"இன்னாடா, காசு கட்டி இன்னாத்த கத்துக்கின? அத எதுக்கு கேக்குற? கோழி வாங்கி செஞ்சி சாப்புடு" என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். வேலூரில் வாடகை வீட்டில் இருந்தபோது பெரிய கறி ஆக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அம்மா அடுப்பை மூட்டுவார். வீட்டுக்காரருக்கு வாசனை போய்விடக் கூடாது. ஷூ கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து, புகையில் இருமிக்கொண்டே கிளறுவார். தன் கைச் சமையலை ஒளித்து வைக்கவே பழக்கப்பட்டவரிடம் நான் குறிப்பு கேட்டேன்.

நான் விடவில்லை. "நம்ம சாப்பாடு நம்ம அடையாளம்மா" என்று ஏதோ பேசினேன். அம்மா சிரித்தார். "போட்டிய கழுவ எவ்ளோ நேரம் ஆகும் தெரியுமா உனுக்கு? நீ ஒரு நாளாவது கழுவி இருக்கியா?"

பதில் இல்லை என்னிடம். எந்த நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன்பும் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. மேடையில் மாட்டுக்கறி அரசியல் பேசும் நாம், வீட்டில் அதைக் கழுவி, வெட்டி, வேகவைத்த பெண்ணிடம் தட்டை மட்டும் நீட்டியிருக்கிறோம்.

பிறகு அம்மா சொன்னார். கண்டத்தை ஊறவைப்பது, தட்டுவது, எவ்வளவு புளி, எப்போது கத்தரிக்காய் என்று எல்லாம் சொன்னார். அளவு எல்லாமே கையளவுதான், பொட்டலம் கிடையாது. முதல் தடவை உப்பு கரித்தது. இரண்டாம் தடவை ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தேன். சரியாக வந்தது.

மராத்தியில் ஷாகு பாடோளே 2015இல் "அன்ன ஹே அபூர்ண பிரம்ம" என்று ஒரு நூல் எழுதினார். உணவே பூர்ண பிரம்மம் என்ற வழக்கைத் திருப்பிப்போட்ட தலைப்பு. மராத்வாடா தலித் வீடுகளின் சமையல் அதில் இருக்கிறது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நம் தெருக்களின் சமையலை யார் எழுதுவது? ஐயர் வீடும் செட்டியார் வீடும் அட்டையில் ஏறிவிட்டன. சேரியின் சமையல் நம் ஆயாக்களோடு மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் கேட்பது மூன்றுதான். பையன்கள் இந்த வாரமே சமைக்கத் தொடங்குங்கள். பெட்டி வாங்கியாவது தொடங்குங்கள், தப்பில்லை, கழுவுவதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, அம்மாவிடமும் ஆயாவிடமும் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள், எழுதி வையுங்கள். மூன்றாவது, நம் படிப்பு வட்டக் கூட்டங்களில் பெண் தோழர்கள் டீ போடுவதும் பரிமாறுவதும் இன்றோடு நிற்கட்டும், முறைவைத்து எல்லோரும் செய்வோம்.

பெட்டி போடுபவர்களுக்கும் ஒன்று. எங்கள் கை உரித்த வெங்காயம் உங்களுக்கு ஆகும் என்றால், எங்கள் அடுப்பில் கொதிக்கும் குழம்பும் ஆக வேண்டும். உரிக்கும் கைக்கு உரிய கூலியும் வந்தாக வேண்டும்.

ஜெய்பீம்.