புரோட்டானுக்கு விரித்த வலை

கோலார் தங்கவயலுக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுபவை சயனைடு மண்மேடுகளும், மூடிக் கிடக்கும் சுரங்கங்களின் வாயில் நிற்கும் இரும்புக் கோபுரங்களும்தான். சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி எழுப்பிய கோபுரங்கள். தலையில் சக்கரம், சக்கரத்தில் வடம், வடத்தில் கூண்டு. அந்தக் கூண்டில் தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்துக்கு இறங்கியவர்களில் தமிழர்களே அதிகம். 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு எல்லாம் நின்றுபோனது.

அதே கூண்டில் தங்கத்துக்குச் சம்பந்தமில்லாத சரக்கும் ஒரு காலத்தில் இறங்கியது: ஆயிரக்கணக்கில் சதுர இரும்புக் குழாய்கள். 1980-ல், தரையிலிருந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், விஞ்ஞானிகள் அவற்றை அடுக்கி இன்னொரு பின்னலைக் கட்டினார்கள். அதன் வேலை, ஒரு புரோட்டான் சாவதற்காகக் காத்திருப்பது.

பூமிக்கு அடியில் ஏன் போக வேண்டும்? வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் அண்டக் கதிர்களின் இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான். தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஒரு மியூவான் துகள் வீதம் விழுந்துகொண்டே இருக்கிறது. கோலார் பாறை இவற்றை எவ்வளவு தூரம் தடுக்கிறது என்று அளக்க, 1951-லேயே ஹோமி பாபா தம் மாணவர் பி.வி.ஸ்ரீகண்டனைச் சுரங்கத்துக்குள் அனுப்பினார். 1965-ல் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் இங்கே கிடைத்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டு கிடைத்தது. உலக இயற்பியல் வரைபடத்தில் தங்கவயல் ஏறியது அப்போதுதான்.

எழுபதுகளில் புதிய கேள்வி ஒன்று வந்தது. பொருளின் அடிப்படையான புரோட்டான் நிரந்தரமானதல்ல, என்றாவது ஒரு நாள் சிதையும் என்றன புதிய கொள்கைகள். ஆயுள், ஒன்றுக்குப் பின்னால் ஏறக்குறைய 30 சுழியங்கள் போட்டால் வரும் அத்தனை வருடங்கள். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? ஒரு புரோட்டானைக் கோடானுகோடி வருடம் பார்ப்பதற்குப் பதில், கோடானுகோடி புரோட்டான்களை ஒரு வருடம் பார்த்தால் போதும். கணக்கு ஒன்றுதான்.

பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, டோக்கியோ விஞ்ஞானிகளும் சேர்ந்து அமைத்த பின்னல் இதற்காகத்தான். 10 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் கொண்ட இரும்புக் குழாய்கள் சுமார் 1,600. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெல்லிய கம்பி, சுற்றிலும் ஆர்கான், மீத்தேன் வாயுக் கலவை. மின்னூட்டமுள்ள துகள் ஏதாவது ஊடுருவினால் கம்பியில் ஒரு மின்துடிப்பு எழும். ஒரு அடுக்கில் குழாய்களை நெடுக்காக வைத்தால் அடுத்த அடுக்கில் குறுக்காக. கயிற்றுக் கட்டில் பின்னுகிற அதே உத்தி. இடையிடையே இரும்புத் தகடுகள். இப்படி 34 அடுக்குகள், மொத்தம் 140 டன். எந்த நெடுக்குக் குழாயும் எந்தக் குறுக்குக் குழாயும் துடித்தன என்று பார்த்தால் துகள் போன பாதை தெரிந்துவிடும்.

ரசமான விஷயம், இந்தப் பின்னலுக்குள்ளேயே இன்னொரு பின்னல் இருப்பதுதான். குழாயின் இரும்பே ஒரு ஒழுங்கான அணிக்கோவை. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஒவ்வொரு அணு, நடுவில் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இப்படி சுமார் 35 லட்சம் கனசதுரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு அணுவின் கருவிலும் 26 புரோட்டான்கள், பெரும்பாலானவற்றில் 30 நியூட்ரான்கள். பார்க்க வேண்டிய பொருளும் அதுவே, பார்க்கிற கருவியும் அதுவே. வலையே மீனாகவும் இருந்த வேடிக்கை!

பாறை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தரையில் வைத்திருந்தால் நிமிடத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் மியூவான்கள் பாய்ந்திருக்கும் அந்தக் கருவியில், கீழே ஒரு நாளுக்கு இரண்டு மூன்றுதான். புரோட்டான் சிதைவுக்கென்றே கட்டிய கருவிகளில் உலகிலேயே முதலில் இயங்கியது இதுதான். விரைவிலேயே, வெளியிலிருந்து வராமல் பின்னலுக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிந்த சில தடங்கள் பதிவாயின. புரோட்டான் செத்துவிட்டதா? கோலார் குழு அப்படித்தான் கருதியது.

மற்றவர்கள் நம்பவில்லை. சிக்கல் வலையின் கண்ணில் இருந்தது. கண்ணின் அகலம் 10 சென்டிமீட்டர். சிதைவில் பிறக்கும் துகள்களோ சில குழாய்களைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். நாலைந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு இது புரோட்டானின் சாவா, உள்ளே வந்து மோதிய நியூட்ரினோவா என்று அடித்துச் சொல்வது கஷ்டம். அமெரிக்காவில் உப்புச் சுரங்கம் ஒன்றில் 8,000 டன் தண்ணீரும், ஜப்பானின் கமியோக்காவில் 3,000 டன் தண்ணீரும் நிரப்பிய தொட்டிகள் எண்பதுகளில் இதே வேட்டையில் இறங்கின. கோலார் சொன்ன ஆயுள் சரியென்றால் அங்கே புரோட்டான்கள் சரமாரியாகச் சிதைந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்றைய அளவீடுகளின்படி, முக்கியமான சிதைவு வழி ஒன்றில் புரோட்டானின் ஆயுள், ஒன்றுக்குப் பின்னால் 34 சுழியங்கள் போட்டால் வருவதற்கும் மேல்.

இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்காரர்களுக்கு அடித்த அதிர்ஷ்டத்தையும் மறக்கக் கூடாது. 1987-ல் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் அவர்கள் தொட்டிகளில் வந்து விழுந்தன. புரோட்டானைத் தேடப் போன கமியோக்கா நியூட்ரினோவுக்காக நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. கோலாரில் 1985-லேயே 260 டன்னில் 60 அடுக்குகளோடு இரண்டாவது பின்னல் தயாராகியிருந்தது. அதற்குக் காலம்தான் இல்லை. தங்கம் கட்டுப்படியாகாமல் போனதும் ஆழமான தளங்களை ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பித்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சோதனைகளும் நின்றன. காற்றும் கூண்டும் தண்ணீர் இறைக்கும் பம்பும் தங்கத்தின் கணக்கில் ஓடியவை. இயற்பியல் அதில் ஓசிச் சவாரி செய்துகொண்டிருந்தது.

அடுத்த வலையைத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் விரிக்கத் திட்டமிட்டார்கள். 50,000 டன் இரும்பு, 150 அடுக்குகள், கோலாரின் நேரடி வாரிசு. மத்திய அரசு 2015-ல் ஒப்புதல் அளித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடையக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது, வழக்குகள் வந்தன, 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. கோலாரில் யாரும் மலையைக் குடைய அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தங்கம் தேடி இறங்கியவர்கள் ஏற்கெனவே குடைந்து வைத்திருந்தார்கள். அந்தக் குழிகளில் இப்போது தண்ணீர்.