வீட்டுத்தோட்டம்: கத்தரிக்காய் பறிக்கும் பக்குவம்

கத்தரி நாற்று நடுவதைப் பற்றி இப்பகுதியில் எழுதியதிலிருந்து சகோதரிகள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "காய் பிடிச்சிட்டு, எப்ப பறிக்கிற?"

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வளவுகள் சிறியவை. கிணற்றடியில் நாலு செடி நின்றாலே பெரிய காரியம். அதனால்தான் ஒவ்வொரு காயையும் "இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று விட்டுவைக்கிறோம். சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் இந்த வேலையால் நமக்கு நட்டமே வருகிறது. காய் முற்றத் தொடங்கினால் செடி தன் சத்தையெல்லாம் அதன் விதைக்கே கொடுக்கும். புதுப் பூவும் பிஞ்சும் குறையும். காலத்தோடு பறித்தால் அதே செடி மாதக் கணக்கில் காய்க்கும்.

நாற்றை நட்டு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதத்தில் முதற் காய் பறிக்கலாம். ஆனால் நாளை எண்ணுவதை விடக் காயைப் பார்ப்பதே நல்லது. அளவை மட்டும் நம்ப வேண்டாம். திருநெல்வேலி ஊதாவும், அணிலின் முதுகைப் போல வரியுள்ள லேன இரியும் ஒரே பருமனுக்கு வருவதில்லை.

முதலில் தோலைப் பாருங்கள். பறிக்கும் பக்குவத்தில் அது எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். மினுக்கம் மங்கினால் காய் முற்றத் தொடங்கிவிட்டது. மஞ்சளாகவோ செம்பட்டையாகவோ மாறினால் கறிக்கு உதவாது.

அடுத்து, பெருவிரலால் மெதுவாக அழுத்துங்கள். கல்லுப்போல் இருந்தால் இன்னும் பிஞ்சு. சற்று அமிழ்ந்து திரும்பி வந்தால் சரியான பக்குவம். அமிழ்ந்த குழி அப்படியே நின்றால் முற்றல். இன்னும் சந்தேகமா? ஒரு காயை வெட்டிப் பாருங்கள். விதை வெள்ளையாகவும் மெதுவாகவும் இருக்க வேண்டும். கபில நிறமானால் கசக்கும். அதைத் தேங்காய்ப்பாலில் ஆக்கினாலும் பிள்ளைகள் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

காய்க்கத் தொடங்கியதும் நாலைந்து நாளைக்கு ஒருமுறை செடியைச் சுற்றிப் பாருங்கள். வெயில் ஏறுமுன் காலையில் பறிப்பது நல்லது. கையால் முறுக்கி இழுத்தால் கிளை முறியும். காம்பில் முள்ளும் குத்தும். கத்தியால் காம்போடு வெட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் பல நாள் வைத்தால் தோலில் குழி விழுந்து உள்ளே கறுக்கும். நிழலில் வைத்து இரண்டொரு நாளில் சமையுங்கள்.

புழுத் துளை உள்ள காயையும் வாடிய நுனிக் குருத்தையும் செடியடியில் போடாமல் எரித்துவிடுங்கள். மருந்து அடித்திருந்தால், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போத்தலில் எழுதியிருக்கும். அந்த நாள் வருமுன், காய் எவ்வளவு பளபளத்தாலும் தொட வேண்டாம். அதை உண்ணப்போவது நம் பிள்ளைகள். நமது மணல் தரையில் ஈரம் நிற்காது. கச்சான் காற்று வீசும் நாட்களில் தண்ணீர் குறைந்தாலும் காய் கசக்கும்.

விதைக்கு மட்டும் நல்ல செடியில் ஒரு காயைத் துணி கட்டி அடையாளம் வைத்து, மஞ்சளாகும்வரை விடலாம். கலப்பின நாற்றானால் அதன் விதையில் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மரக்கறி விலை அன்று நம் அடுப்படியைச் சுட்டது. கிணற்றடி நாலு செடியையும் பக்குவத்தில் பறித்து வந்தால் கிழமைக்கு இரண்டு நாள் கறிக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

காய்த்து ஓய்ந்த செடியைக் கவாத்து வெட்டி மறுபடி காய்க்க வைப்பது எப்படி என்பதை அடுத்த மாதம் பார்ப்போம்.