பிள்ளை யாருக்குச் சொந்தம்?

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு கந்தப்பிள்ளை என்பார்க்கு மகனாகத் தோன்றியவர் ஆறுமுக நாவலர். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கிய ‘நாவலர்’ என்னும் பட்டத்தாலேயே உலகம் அவரை அறியும். தந்தையார் பெயரில் ‘பிள்ளை’ உண்டு. உலகறிந்த மைந்தர் பெயரில் அது இல்லை. நாவலரின் மருகராகிய வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளையின் பெயரிலோ மீண்டும் உண்டு. ஒரே குடும்பத்தில் இவ்வாறு நேர்ந்தது எதனால்? யாழ்ப்பாணத்திலே ‘பிள்ளை’ என்பது தந்தைவழி வரும் குடும்பப் பெயரன்று. அது அவரவர் பெயரின் ஓர் உறுப்பு, அவ்வளவே.

இந்த எளிய உண்மையை இப்பொழுது எடுத்துரைக்க வேண்டிய தேவை நமக்கு உண்டாகியிருக்கிறது. நம் மக்கள் கடல் கடந்து பல நாடுகளிலே குடியேறிவிட்டனர். அங்குள்ள அலுவலகங்கள் ‘குடும்பப் பெயர் யாது?’ என்று கேட்கின்றன. வேலுப்பிள்ளை என்னும் ஒரு பெயரை ‘வேலு’ என்றும் ‘பிள்ளை’ என்றும் இரண்டாக வெட்டி எழுதிவிட்டால், ஊரிலுள்ள காணி உறுதியில் ஒருவர், கடவுச்சீட்டில் வேறொருவர் என்று ஆகிவிடுகிறது. மற்றொரு புறம், ‘நீங்கள் பிள்ளைமாரா?’ என்று சாதியை உசாவுவோரும் உளர். இவ்விரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: சொல்லின் பொருளை மறந்தமை.

பொருள் என்ன? தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை எண்ணுமிடத்துப் ‘பிள்ளை’யையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. நம் கமக்காரர் தென்னம்பிள்ளை நடுகின்றனர். வேலியிலே அணிற்பிள்ளை ஓடுகிறது. பற்றையிலே கீரிப்பிள்ளை பதுங்குகிறது. யாழ்ப்பாணத்துத் தாய் தன் மகளை ‘பிள்ளை’ என்றே வாய் நிறைய அழைக்கிறாள். ஆனைமுகக் கடவுளுக்குப் பிள்ளையார் என்று பெயர். திருஞானசம்பந்தருக்கு ஆளுடைய பிள்ளை என்று பெயர். இளமையும் அன்பும் அருமையும் சேர்ந்த சொல் இது. ஆதலினாலன்றோ நம் நாட்டிலே வேலுப்பிள்ளை, கந்தப்பிள்ளை என்று ஆடவர்க்கும், அன்னப்பிள்ளை, பார்வதிப்பிள்ளை என்று பெண்டிர்க்கும் வேற்றுமையின்றி அது பெயராயிற்று!

பிற இடங்களில் இச்சொல் வேறு கோலம் பூண்டது. தமிழ்நாட்டிலே வேளாளர் பலர்க்கு அது சாதிப் பட்டமாயிற்று. எனினும் அங்கும் அது ஒரு சாதியாரின் தனியுடைமையாக இருந்ததில்லை. புதுச்சேரியிலே துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இடையர் குலத்தவர். நாதசுர வேந்தர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். வைணவ உரையாசிரியர் பெரியவாச்சான் பிள்ளையோ அந்தணர். திருவிதாங்கூரிலே மன்னர் அளித்த சிறப்புப் பெயராக நாயர்கள் அதனைத் தாங்கினர். நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே ‘கணக்கப்பிள்ளை’ என்பது ஓர் உத்தியோகம். 1860 முதல் நேட்டாலுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழருள் பலர்க்கு அதுவே குடும்பப் பெயராக நிலைத்து, தென்னாபிரிக்காவிலே பேரன் பேத்திகள் வரை தொடர்கிறது. ஒரு சொல், ஐந்தாறு வாழ்க்கை! இவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இதுவே பிள்ளை’ என்பது அறியாமையாகும்.

ஆயினும், பிறரைக் குறை கூறுமுன் நம் முற்றத்தைக் கூட்டுதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே இச்சொல்லுக்கு வேலி போட்டவர்கள் நாம் அல்லவா? ஒடுக்கப்பட்ட மக்கள் தம் மகனுக்குக் கந்தன் என்றோ வேலன் என்றோ தான் பெயரிடலாம்; கந்தப்பிள்ளை, வேலுப்பிள்ளை என்று இடலாகாது என்னும் கொடுமை நம் ஊர்களில் இருந்தது. குழந்தை என்று பொருள்படும் ஒரு சொல்லை ஒரு குழந்தைக்கு மறுத்தோம்! இதனினும் வெட்கக்கேடு வேறுண்டோ? 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. அதன் பின் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் தம் பெயரின் வாலை நறுக்கினர். நம் பெயர்களில் ‘பிள்ளை’ வாலாக இல்லை, உடலாகவே இருக்கிறது. ஆதலால் நாம் நறுக்க வேண்டுவது பெயரையன்று. பெயருக்குப் போட்ட வேலியையே ஆகும்.

‘பெயரில் என்ன இருக்கிறது? எப்படி எழுதினாலும் ஆள் ஒருவர்தானே’ என்பர் சிலர். பாட்டனார் பெயரிலுள்ள காணிக்கு உரிமை கோரிப் பேரன் நொத்தாரிசு முன் நிற்கும்பொழுது இந்த வாதம் உதவாது. உறுதியில் ஒரு விதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், ஆள் ஒருவரே என்பதை நிறுவும் பொறுப்பு அவன் தலைமேல் விழுகிறது. அலைச்சலும் அவனுக்கே, செலவும் அவனுக்கே.

எனவே நாம் கூறுவது இது. பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு, காணி உறுதி ஆகிய அனைத்திலும் பெயரை ஒரே சொல்லாக, ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுக. வேற்று நாட்டு அலுவலர் குடும்பப் பெயர் கேட்டால், தந்தையின் முழுப் பெயரையேனும் வீட்டார் கூடித் தெரிந்த வேறொன்றையேனும் தருக. ‘பிள்ளை’யை மட்டும் வெட்டித் தராதீர். படித்தவர்கள், சட்டத்தரணிகள், ஆசிரியர்கள் ஆகியோர் இதனை ஊராருக்கு எடுத்துக் கூறுதல் கடன். தலைப்பெழுத்தாக நிற்கும் ‘வே’யும் ‘க’வும் எந்தப் பெயரின் சுருக்கம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் பெற்றோர் கடன்.

யாவர்க்கும் மேலாக, இப்பெயரைச் சாதி அறியும் அளவுகோலாக்குவதை நாம் அனைவரும் இன்றே கைவிடுதல் வேண்டும். தென்னம்பிள்ளை நட்டவனின் குலத்தைக் கேட்டுக் காய்ப்பதில்லை. பிள்ளை எல்லார்க்கும் சொந்தம்.